குன்னூரில் பருப்பு வேகாதா?

ஜூன் 4

திருப்பூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வாசகர் கேட்கிறார்: "குன்னூர் வந்து ஒரு மாதம் ஆகிறது. துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் மலையில் அப்படித்தான் என்று சிரிக்கிறார்கள். நிஜமாகவே அப்படியா, இல்லை பழைய பருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு மலைமேல் பழியைப் போடுகிறார்களா?"

ஜூன் 4, இரவு

நிஜம்தான். கடைக்காரரை விட்டுவிடுங்கள்.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கூடவே கொதிநிலையும் இறங்கும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். குன்னூர் 1,850 மீட்டர். ஆக இங்கே 94 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்க ஆரம்பித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு கேஸை எரித்தாலும் தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது. சத்தம் ஜாஸ்தி, சூடு கம்மி. பருப்பு சத்தத்துக்கெல்லாம் மசியாது.

அம்மா 1974இல் கல்யாணமாகி ஈரோட்டிலிருந்து வந்தவர். வந்த முதல் வாரம் சாம்பாரில் பருப்பு முழுசு முழுசாக மிதந்ததாம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியால் ஒரு பருப்பை எடுத்து அம்மியில் வைத்து நசுக்கிக் காட்டினாராம். அம்மா இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை.

ஜூன் 5

"குக்கர் வைத்தால் மலை என்ன, மடு என்ன" என்று கேட்டவருக்கு. நானும் நேற்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி யோசித்துப் பார்த்ததில் அது முழுசும் சரியில்லை.

குக்கர் வெயிட் செய்வது, வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கு மேல் இன்னொரு பங்கு அழுத்தத்தைச் சேர்ப்பது. வெளியே இருப்பதே குறைவு என்றால் உள்ளே இருக்கும் மொத்தமும் குறைவுதான். சமவெளியில் விசில் வரும்போது உள்ளே 120 டிகிரி என்றால் இங்கே 116, 117. மூன்று நாலு டிகிரிதானே என்று தோன்றும். பருப்புக்கு அது தெரியும். இரண்டு விசில் சேர்த்து வையுங்கள், முதலில் ஒரு மணி நேரம் ஊறவும் போடுங்கள்.

குக்கர் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தந்தி மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்து இறக்கலாம். அவசரம் என்றால் ஒரு சிட்டிகை சோடா உப்பு. வாசனை கெட்டுவிடும், ஆனால் விருந்தாளி வாசலில் நிற்கும்போது வாசனையைப் பார்க்க முடியாது.

ஜூன் 5, பிற்பகல்

சிப்ஸ் பாக்கெட் இங்கே தலையணை மாதிரி உப்பியிருப்பதும் இதே காரணம்தான். கீழே அடைத்த காற்று, மேலே வந்ததும் வெளியே தள்ளப் பார்க்கிறது. பேனா கசிவது, ஷாம்பு பாட்டில் திறந்ததும் துப்புவது எல்லாம் அந்த வகை. பேருந்தில் காது அடைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பர்லியார் தாண்டியதும் எச்சில் விழுங்கச் சொல்லி அம்மா ஆளுக்கு ஒரு புளிப்பு மிட்டாய் கொடுப்பார்.

ஜூன் 11

"எந்தக் குன்னூர் 1,850 மீட்டர்?" என்று ஒருவர். நல்ல கேள்வி, எரிச்சலூட்டும் கேள்வி. ரயில் நிலையமும் மார்க்கெட்டும் இருக்கும் கீழ் குன்னூர் 1,700ஐக் கொஞ்சம் தாண்டியது. பெட்ஃபோர்டு ஏறி சிம்ஸ் பூங்கா பக்கம் வந்தால் 1,780க்கு மேல். மேல் குன்னூர்க்காரர்கள் கீழே இருப்பவர்களைப் பார்ப்பதே ஒரு மாதிரி. 100 மீட்டருக்கே அந்தப் பார்வை.

கணக்கை விட்டுவிட்டு அளந்தே பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். மகன் கேக் செய்வதற்கென்று வாங்கிய தெர்மாமீட்டர் ஒன்று அலமாரியில் தூங்குகிறது. கேக்கும் தூங்கிவிட்டது.

ஜூன் 15

பருப்பு என்றதும் எனக்கு எலி ஞாபகம் வருகிறது. பொறுங்கள், சொல்கிறேன்.

சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் இருக்கிறதே, அது 1907இல் தொடங்கியது. வெறிநாய்க் கடிக்கு ஊசி போடும் இடம். 1902இல் தென்னிந்தியாவில் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து இறந்துபோனார். அப்போது இந்தியாவில் அந்த சிகிச்சை இருந்தது இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் மட்டும்தான். ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். அதற்குப் பிறகு எழுந்த பேச்சில், அமெரிக்கர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த பணமும் சேர்ந்து, இங்கே கட்டிடம் வந்தது.

எலி வந்தது அதற்குப் பிறகு. ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் 1918இல் இதே வளாகத்தில் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். ஆராய்ச்சி வளர்ந்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே எலிக்கூட்டங்களுக்குப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய் சாப்பிட்ட பஞ்சாபி எலிகள் கொழுகொழு. மெஷினில் தீட்டிய வெள்ளை அரிசியை நம்பிய மதராஸ் எலிகள் கடைசி வரிசை. 1920களில் குன்னூர்க் குளிரில் உட்கார்ந்து ஒரு ஆள் எலியைத் தராசில் நிறுத்து, நம் சோற்றைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு கூண்டு. ஏழை ஆங்கிலேயர் சாப்பாடு என்று வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், டின் கறி, சர்க்கரை போட்ட டீ கொடுத்திருக்கிறார். அந்த எலிகள் எரிச்சல் முற்றி ஒன்றையொன்று கடித்துக் கொன்று தின்ன ஆரம்பித்தனவாம். இதை நான் எழுதிக்கொண்டிருப்பது ஒரு கையில் வர்க்கியும் மறுகையில் சர்க்கரை போட்ட டீயுமாக.

அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத் போய்விட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். குன்னூரில் பிறந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஊட்டிக்காரர்களிடம் சண்டை போடும்போது மட்டும் எடுத்துவிடுவார்கள்.

ஜூன் 16

"அப்போ சோறு சாப்பிடக் கூடாதா?" என்று மூன்று பேர். நான் அப்படிச் சொல்லவில்லை, மெக்கரிசனும் சொல்லவில்லை. குறை அரிசியில் இல்லை, தீட்டலில். தவிட்டோடு வைட்டமின் பி1 போய்விடுகிறது. புழுங்கல் அரிசியில் அந்தச் சத்து ஓரளவு உள்ளே இறங்கி நின்றுவிடும், அதனால் அவிக்காத பச்சரிசியை வெள்ளையாகத் தீட்டிச் சாப்பிட்ட பக்கம்தான் பெரிபெரி அதிகம். கூட பருப்பும் கீரையும் இருந்தால் பயமில்லை.

பருப்பு வெந்தால்.

ஜூன் 23

ரயிலைப் பற்றி எழுதச் சொன்னவருக்கு. நான் எழுதினால் பெரியப்பாவைப் பற்றித்தான் எழுதுவேன். அவர் மலை ரயிலில் பிரேக்ஸ்மேன்.

மற்ற ரயிலில் எஞ்சின் முன்னால் இழுக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இங்கே எஞ்சின் பின்னால், அதாவது பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளும். கொக்கி கழன்றாலும் பெட்டி எஞ்சின் மேலேதான் சாயும், பள்ளத்துக்குப் போகாது. அப்படியென்றால் டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதைப் பார்ப்பதற்குத்தான் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன், மேடையில் கொடியோடு நிற்பார். முதல் பெட்டிக்காரர் பச்சையைக் காட்டினால் அடுத்தவர் காட்டுவார், அப்படியே கடைசிவரை வந்து டிரைவர் பார்ப்பார். ஒரு சேதி கை மாறிக் கை மாறி இறங்குவது.

பெரியப்பாவின் வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, பிரேக் பிடிச் சக்கரம் போட்ட காய்ப்பு ஒன்று இருந்தது. புளியங்கொட்டை அளவு, அதே பளபளப்பு. கொதிக்கிற டீ டம்ளரை அந்த இடத்தில் வைத்துத்தான் பிடிப்பார், சுடாது. (94 டிகிரிதானே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தெரியாது.) ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் கழித்து அந்தக் காய்ப்பு உரிந்து விழுந்தது. வீட்டில் எல்லாரிடமும் கொண்டுவந்து காட்டினார், பல் விழுந்த குழந்தை மாதிரி.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை 46 கிலோமீட்டர். ஏற ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவு, இறங்க மூன்றரை மணி. 208 வளைவு, 16 குகை, 250 பாலம். தண்டவாளத்துக்கு நடுவே பல் பட்டை, எஞ்சின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி உதகைவரை ஏறும்.

ஜூன் 24

திட்டு வாங்கியாகிவிட்டது. பல் பட்டை உதகைவரை இல்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். செங்குத்து அங்கேதான், 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். குன்னூருக்கு மேல் சாதாரணத் தண்டவாளம், டீசல் எஞ்சின். குன்னூரில் எஞ்சின் மாற்றுவதைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை பார்த்தவள் நான், அப்படியும் எழுதிவிட்டேன். பெரியப்பா இருந்திருந்தால் கொடியால் அடித்திருப்பார்.

பரிகாரமாக இரண்டு தேதி: ரயில் குன்னூருக்கு வந்தது 1899, உதகைக்குப் போனது 1908. நடுவில் ஒன்பது வருஷம் குன்னூர்தான் கடைசி ஸ்டேஷன். எங்கள் ஊரின் பொற்காலம் அது என்று நான் சொல்லிக்கொள்வேன். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2005. எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. புதியவற்றைத் திருச்சி பொன்மலையில் செய்தார்கள்.

ஜூலை 2

இன்னொரு திருத்தம், இது என்னுடையது இல்லை, ஊருடையது. "இந்தியாவின் முதல் நீர்மின் நிலையம் எங்கள் காட்டேரி அருவியில்" என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நானும் உறவினர்களைக் கூட்டிப்போய் அருவியைக் காட்டி அப்படியே சொல்லியிருக்கிறேன். அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு மின்சாரம் கொடுக்கக் கட்டியது அது. தொழிற்சாலையே 1903 வாக்கில் வந்தது. டார்ஜிலிங் பக்கம் சித்ராபோங் 1897. காவிரியில் சிவசமுத்திரம் 1902. எப்படிக் கூட்டினாலும் நாம் முதல் இல்லை.

அப்பா அந்தத் தொழிற்சாலையில்தான் இருந்தார். உதகைக்கும் கோத்தகிரிக்கும் கார்டைட் ஃபேக்டரி என்றால் வெடிமருந்து, எங்களுக்குச் சங்கு. காலைச் சங்குக்குக் கண் விழிப்பு, சாயங்காலச் சங்குக்கு டீத்தண்ணீர் அடுப்பில். அப்பா மருந்துக் கட்டிடத்துக்குள் போகும்போது தீப்பெட்டி, ஆணி வைத்த செருப்பு எதுவும் கூடாது. வீட்டுக்கு வந்தபிறகும் அடுப்பு பற்ற வைக்க அம்மாவைத்தான் கூப்பிடுவார். சோம்பேறித்தனத்துக்கு அதைவிடக் கௌரவமான காரணம் நான் கேட்டதில்லை.

ஜூலை 9

சுத்தமான நீலகிரித் தைலம் எங்கே கிடைக்கும், பாரம்பரிய சித்த மருந்துதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

தைலம் கிடைக்கும். பாரம்பரியம்தான் கொஞ்சம் இடிக்கிறது. கற்பூர மரம் (இங்கே யாரும் யூகலிப்டஸ் என்று சொல்வதில்லை) ஆஸ்திரேலியச் சரக்கு. 1840களில் நட ஆரம்பித்தார்கள். காரணம் மருந்தும் இல்லை, வாசனையும் இல்லை. விறகு. வெள்ளைக்காரர்கள் குடியேறிக் குளிர் காயக் காயச் சோலைக்காடு தேய்ந்துகொண்டே வந்தது, சீக்கிரம் வளரும் மரம் தேவைப்பட்டது. சீகை மரமும் அப்படி வந்ததுதான், அதன் பட்டை தோல் பதனிடப் போனது. சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தை இவை இரண்டும் பிடித்துக்கொண்டன. இப்போது தண்ணீரைக் குடிக்கிற மரம் என்று அதைத் திட்டுகிறோம். நட்டது அது இல்லை.

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், டீ எதுவும் இந்த மண்ணில் முளைத்தது இல்லை. உருளைக்கிழங்குகூட ஏறி வந்ததுதான். எங்கள் தாத்தா காரமடையிலிருந்து மலைக்கு வந்ததே கிழங்கு மூட்டை தூக்க. 1961இல் அதற்கு ஒரு கேடு வந்தது, கண்ணுக்குத் தெரியாத முட்டைக்கூட்டுப் புழு வேரில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை. விதைக்கிழங்குக்கு அவ்வளவு பேர் வாங்கிய மலை. நிறைய ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) கிழங்கு போட்ட நிலம் தேயிலையானதற்கு அதுவும் ஒரு காரணம். தாத்தா அப்போதுதான் மூட்டையிலிருந்து கொழுந்துக் கூடைக்கு மாறினார். முதுகுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்பார்.

ஜூலை 10

நேற்று ஒன்று விட்டுப்போனது. ஏறி வந்தவர்கள் கணக்கில் இன்னொரு கூட்டத்தைச் சொல்ல வேண்டும். 1964இல் சாஸ்திரிக்கும் சிறிமாவோவுக்கும் ஒப்பந்தம், அதன்படி இலங்கைத் தோட்டத்துத் தமிழர்களில் பல லட்சம் பேரை இந்தியா திரும்ப எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது, அதுதான் டான்டீ. என் வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரியின் வீடு அப்படி வந்தது. அவள் அம்மா தேங்காயும் மிளகாயும் இடித்து ஒரு சம்பல் செய்வார், மத்தியானம் டப்பாவை அவள் திறந்ததும் நாலு பெஞ்சு திரும்பும். "திரும்பி வந்தோம்" என்று அவர்கள் சொல்வதில்லை. "வந்தோம்" என்பார்கள். அவள் பாட்டி பிறந்ததே இலங்கை ஹட்டனில்.

ஜூலை 20

"சல்லிவன்தான் நீலகிரியைக் கண்டுபிடித்தார், அதற்கு முன் வெறும் காடு" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரி பக்கம் ஏறினார், 1822, 23 வாக்கில் உதகையில் கல் பங்களா கட்டினார், ஏரி வெட்டினார். அதெல்லாம் சரி. கல் பங்களா இன்றைக்கு அரசுக் கலைக் கல்லூரிக்குள் இருக்கிறது. ஏரியில் பெரும்பகுதியைத் தூர்த்து அதன்மேல் குதிரைப் பந்தயத் திடலும் பஸ் ஸ்டாண்டும் வந்தன.

ஆனால் கண்டுபிடிக்க அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தார்களே. 1117இல் ஒரு ஹொய்சளக் கல்வெட்டு, தளபதி புணிசன் தோடர்களை நடுங்க வைத்து நீலமலையைப் பிடித்தான் என்கிறது. சல்லிவனுக்கு 700 வருஷம் முன்னால். 1603இல் ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலபார் பக்கமிருந்து ஏறித் தோடர்களையும் படகர்களையும் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறார். கோத்தர்களிடம் சட்டியும் இரும்பும், படகர்களிடம் தானியம், தோடர்களிடம் நெய், குறும்பர்களிடம் தேனும் மந்திரமும் என்று ஒரு கொடுக்கல் வாங்கல் ஓடிக்கொண்டே இருந்தது. ஊட்டி என்ற பேரே தோடர் மந்திலிருந்து (மந்து என்றால் அவர்கள் குடியிருப்பு) வந்தது. குன்னூர்ப் பக்கத்து வெலிங்டனுக்குக்கூட முதல் பேர் ஜக்கதளா, அந்தப் பேரில் படகர் ஊர் இப்போதும் இருக்கிறது.

ஜூலை 20, இரவு

"மந்திரம்" என்று எழுதியதைப் பார்த்து ஒரு தம்பி கோபித்துக்கொண்டார். நியாயம். குறும்பர்கள் மந்திரவாதிகள் என்பது மற்றவர்கள் அவர்களைப் பற்றிப் பயந்து சொன்னது. அந்தப் பயத்தில் அவர்கள் கொல்லப்பட்டும் இருக்கிறார்கள். தேனோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17

மழை. ஊட்டிக்கு.

செப்டம்பர் 6

ராத்திரி இரண்டு மணிக்குப் பின்கட்டில் டம்மென்று சத்தம். பூனை என்று நினைத்து மகன் டார்ச் அடித்தான். கரடி. நல்லெண்ணெய் டின்னை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, குழந்தை பால் புட்டி குடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. வெளிச்சத்தைப் பார்த்து ஒரு தடவை திரும்பியது, பிறகு திரும்பவும் குடித்தது. நாங்கள்தான் தொந்தரவு.

இங்கே கோயில் கதவைக் கரடி உடைத்தது என்று சேதி வந்தால் வெளியூர்க்காரர்கள் பக்திக் கதை மாதிரி படிக்கிறார்கள். விளக்கு எண்ணெய்க்காக வருகிறது, அவ்வளவுதான். காலையில் பார்த்தால் டின் காலி, பக்கத்தில் வைத்திருந்த கடலை எண்ணெய் அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா சொன்னார்: "அதுக்குத் தெரியுதுங்க, எது செக்கு எண்ணெய்னு."

செப்டம்பர் 7

கரடி ஊருக்குள் வருகிறதா, ஊர் கரடிக்குள் போகிறதா என்ற வழக்கமான சண்டை கீழே ஓடுகிறது. நான் கலந்துகொள்ளவில்லை. டின்னை உள்ளே வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. காட்டு மாடு பற்றி மட்டும் ஒன்று: மாலை ஆறுக்கு மேல் வளைவில் திரும்பும்போது வண்டியை மெதுவாக்குங்கள். கருப்பு உடம்பு இருட்டில் தெரியாது. நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், அது மட்டும் தெரியும்.

அக்டோபர் 24

இப்போது எங்கள் முறை. ஊட்டிக்குத் தென்மேற்கு, குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கு. ஒரே மாவட்டம், அரை மணி நேரத் தூரம், மழைக்காலம் வேறு. ஜூலையில் ஊட்டியில் நனைந்துவிட்டு இங்கே வந்து வெயில் காயலாம், நவம்பரில் தலைகீழ்.

அவலாஞ்சி என்ற பேர் எப்படி வந்தது என்று கேட்டவருக்கு: பனியே கொட்டாத ஊருக்கு ஏன் பனிச்சரிவுப் பேர் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. 1800களின் தொடக்கத்தில் அங்கே நடந்த பெரிய மண்சரிவிலிருந்து வந்த பேர்.

மண்சரிவு என்றால் எனக்கு 2009 நவம்பர். கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர். சென்னையில் வடகிழக்குப் பருவம் முழுக்கப் பெய்கிற மழை. மாவட்டம் முழுக்க 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அன்று ராத்திரி மழைச் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. பெரிய பாயைச் சுருட்டுகிற மாதிரி, அவசரமே இல்லாமல். விடிந்து பார்த்தால் எங்கள் தெருவுக்கு மேலே இருந்த கேரட் தோட்டம் அப்படியே, பாத்தி கலையாமல், நாற்பதடி கீழே இறங்கி நின்றிருந்தது. நடுவில் இருந்த வீடு இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்குக் கோவை போயிருந்தார்கள்.

மலை இறங்கிவிட்டது என்றுதான் எல்லாரும் பேசினோம். ஆறு மாதம் முன்னால் அந்தச் சரிவின் அடியை நேர்க்கோட்டில் வெட்டி, தண்ணீர் போக வழி விடாமல் சுவர் வைத்ததை நாங்கள் எல்லாரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் போனோம்.

நவம்பர் 9

கடைசியில் தெர்மாமீட்டர்.

முதலில் ஐஸ் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். ஒன்று காட்டியது. ஆக எல்லா அளவிலும் ஒரு டிகிரி கழிக்க வேண்டும். ஸ்டேஷன் பக்கம் சித்தி வீட்டில் கொதிக்கும் தண்ணீர் 95.3, கழித்தால் 94.3. எங்கள் வீட்டில் 95, கழித்தால் 94. உதகையில் தோழி வீட்டில், 2,240 மீட்டர், கழித்தபின் 92.5. புத்தகக் கணக்கு அட்சரம் பிசகவில்லை. தொட்டபெட்டா உச்சியிலும் அளக்க ஆசை, 2,637 மீட்டர், 91 ஒட்டி வரவேண்டும். அங்கே வனத்துறை அடுப்பு மூட்ட விடாது, விடவும் கூடாது.

சித்தி தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருக்குடி காய்ச்சல், தண்ணிக்கா?"

நவம்பர் 12

ஜூன் மாதம் இந்த இழையைத் தொடங்கிய திருப்பூர்க்காரர் எழுதியிருந்தார். ஊறவைத்தும் பார்த்துவிட்டார், நாலு விசில், ஆறு விசில், எட்டு விசில். பருப்பு அசையவில்லையாம். தண்ணீர் காரணமோ என்று நினைத்தேன். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூடினால் பருப்பு இளகாது. ஆனால் அது திருப்பூர் போர்வெல் தண்ணீரின் குணம். குன்னூருக்கு வரும் ரேலியா அணைத் தண்ணீரில் உப்பு அவ்வளவு இல்லை. அந்த வகையில் இங்கே பருப்பு அங்கேவிட நன்றாகவே வேக வேண்டும்.

அவருடைய பருப்பில் ஒரு டம்ளர் கொண்டுவரச் சொன்னேன். எங்கள் வீட்டுப் பருப்பு ஒரு டம்ளர். இரண்டும் ஒரே நேரம் ஊறி, இரண்டு கிண்ணத்தில், ஒரே குக்கரில், அஞ்சு விசில். எங்களுடையது தொட்டால் மசிந்தது. அவருடையதை அம்மா கரண்டியில் எடுத்துப் பார்த்தார், பிறகு ஒன்றும் பேசாமல் அம்மியைக் காட்டினார். ஐம்பது வருஷம் காத்திருந்திருக்கிறார்.

பருப்பு வருஷக்கணக்கில் கிடந்தால் உள்ளே இறுகிவிடும், அப்புறம் எந்த உயரத்தில் வேகவைத்தாலும் கல்தான். ஜூன் 4 அன்று கடைக்காரரை விட்டுவிடச் சொன்னேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த 94 டிகிரி நிஜம்; அவர் பருப்பு வேகாததற்கு அது காரணம் இல்லை.

நவம்பர் 13

மிச்சப் பருப்பை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே போய்க் கேட்டுவிட்டாராம். கடைக்காரர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "திருப்பூர்ங்களா? மலைல அப்படித்தாங்க" என்றாராம்.